வேகத்தடையில் மெதுவாகக் கொல்லவும்!

போன் அலறியது!

ஞாயிற்றுக்கிழமை. பல மாதங்களுக்குப் பிறகு கிடைத்த விடுமுறை. இன்ஸ்பெக்டர் முருகேஸ்வரி போர்வைக்குள்ளிருந்து கையை மட்டும் நீட்டி போனை எடுத்தாள்.

"மேடம்... ஏட்டு இப்ராம்சா பேசுறேன். வெள்ளனே தொந்தரவு பண்றேன்னு நெனைக்காதீங்க. பூம்பாறை ரோட்டு வளைவுல ஒரு ஆளு செத்துக் கெடக்காரு."

"தவறி விழுந்தாரா?"

"வண்டி ஏத்தியிருக்கு மேடம். ஏத்திட்டு நிக்காமப் போயிருக்கு. செத்தது யாருன்னு சொன்னா உங்களுக்கு இன்னும் கோவம் வரும்."

"சொல்லித் தொலைங்க!"

"நேத்து ஊரையே அலற வச்சுக்கிட்டு வந்தாங்கள்ல... கோயம்புத்தூர் ஸ்போர்ட்ஸ் கார் க்ளப்பு. அதோட தலைவரு ராஜேஷ்குமார்."

முருகேஸ்வரி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பணக்காரப் பிணம்! இனி போன் ஓயாது.

"ஜீப்பைக் கொண்டு வாங்க. வெரசா!"

"உங்க வீட்டு வாசல்லதான் மேடம் நிக்குது. கல்லை எடுத்தா கெளம்பிரலாம்."

கல்!

அந்த ஜீப்பின் ஹேண்ட் பிரேக் செத்து இரண்டு வருஷம் ஆகிறது. எங்கே நிறுத்தினாலும் சக்கரத்துக்கு ஒரு கல் வைக்க வேண்டும். மலையில் ஓடும் ஜீப்புக்கு ஹேண்ட் பிரேக் வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதிப் போட்டு எழுதிப் போட்டு முருகேஸ்வரிக்குக் கை வலித்ததுதான் மிச்சம். பதிலே வரவில்லை.

*

ஜீப் பாதி வழியிலேயே நின்றது.

முன்னால்... மஞ்சள், பச்சை, ஆரஞ்சு என்று தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும் கார்களின் வரிசை! தலைவர் செத்த செய்தி கேட்டு ஹோட்டலிலிருந்து கிளம்பிய க்ளப் உறுப்பினர்கள். ஹோட்டலுக்குக் கீழே, ஜாசிம் டீக்கடை முன்னால் இருக்கும் வேகத்தடையில் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒவ்வொரு காரும் வேகத்தடையைக் கண்டதும் நின்றது. மூக்கை வலது பக்கம் ஒடித்தது. ரோட்டின் இரண்டு பக்கத்தையும் அடைத்துக்கொண்டு, சாய்வாக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி, ஒவ்வொரு சக்கரமாக இறக்கியது.

முருகேஸ்வரி பக்கத்து சீட்டிலிருந்து கையை நீட்டி ஹாரனை அழுத்தினாள். யாரும் அசையவில்லை.

"என்ன ஏட்டய்யா இது? இழவு வீட்டுக்குப் போறாங்களா, ஊர்வலம் போறாங்களா?"

"நேரா ஏத்துனா அடி தட்டிருமாம் மேடம். அதான் சாய்ச்சு ஏத்துறாங்க. நேத்து சாயங்காலமும் இதே கூத்துதான். இந்த எடத்துலதான் நம்ம கோகுலுக்கும் அந்த ராஜேஷ்குமாருக்கும் சண்டை."

"எந்த கோகுல்?"

"பூண்டு, கேரட்டு லோடு அடிப்பான்ல, பிக்கப் வச்சிருக்கானே... அவன். பின்னால நின்னு ஹாரன் அடிச்சான். அந்த ஆளு எறங்கி வந்து, 'உன் வண்டி வெலையில என் டயர்கூட வராதுடா'ன்னாரு. இவன் சும்மா இருக்காம, 'ஒரு நாள் உன் மேலயே ஏத்துறேன் பாரு'ன்னுட்டான். அத்தனை பேரும் வீடியோ எடுத்து வச்சிருக்காங்க."

"இப்ப ஏத்துனது என்ன வண்டி?"

"கோகுலோட பிக்கப்புதான் மேடம்."

*

வளைவில் மூடுபனி விலக ஆரம்பித்திருந்தது.

ராஜேஷ்குமாரின் சிவப்பு கார் ஒரு கீறல் இல்லாமல் நின்றது. விடியலில் பனிக்கு நடுவே காரைப் படம் பிடிக்க வந்தவர், தடுப்புச் சுவருக்குக் கீழே உயிரில்லாமல் கிடந்தார். அடுத்த வளைவில் ஹெட்லைட் உடைந்த பிக்கப். உள்ளே யாருமில்லை.

கோகுலை ஹோட்டல் சமையல்கட்டிலிருந்தே பிடித்து வந்திருந்தார்கள். அழுது அழுது கண் சிவந்திருந்தது.

"மேடம், சத்தியமா நான் இல்ல மேடம்! ஹோட்டலுக்குக் கேரட்டு எறக்க வந்தேன். சாவியை வண்டியிலயே விட்டுட்டு மூட்டையத் தூக்கிட்டு உள்ள போனேன். உள்ள எடை போட லேட்டாயிருச்சு. திரும்பி வந்தா வண்டியக் காணோம்!"

"சாவியை எதுக்குலே வண்டியில விட்ட?"

"எல்லாரும் அப்படித்தான மேடம் விடுறோம்... இந்த ஊர்ல வண்டியத் திருடிட்டு எங்க ஓடிருவாய்ங்க?"

நியாயமான கேள்விதான். ஆனால் கோர்ட்டில் எடுபடாது!

சிவப்பு கார் அருகே சால்வையைப் போர்த்திக்கொண்டு ஒரு பெண் குலுங்கிக் குலுங்கி அழுதாள். ராஜேஷ்குமாரின் மனைவி ரோகிணி. க்ளப் செயலாளர் முகேஷ் பக்கத்தில் நின்று தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டிருந்தான்.

"காலையில எங்க இருந்தீங்க?" முருகேஸ்வரி கேட்டாள்.

"ரூம்லதானுங்க மேடம். மலை ஏறினதுல இருந்தே வாந்தி. மாத்திரை போட்டுப் படுத்தேன். எனக்கு வண்டின்னாலே பயமுங்க. சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. ஏறினதும் கண்ணை மூடிக்குவேன்."

"அப்புறம் எப்படி இந்த கார் ராலிக்கெல்லாம் வர்றீங்க?"

முகேஷ் குறுக்கிட்டான். "எங்க ராலியில ரெண்டு பேர் போகணும் மேடம். ஒருத்தர் ஓட்டணும், ஒருத்தர் வழி சொல்லணும். ஹெல்மெட்டை மாட்டிட்டு பாவம், அண்ணி வாந்திப் பையோட பக்கத்து சீட்ல உட்காருவாங்க. ஆனா ராஜேஷ் அண்ணன் ஓட்டினா கப்பு அவருக்குத்தான். வருஷா வருஷம்! நேத்து டின்னர்லதான், 'இதுவே கடைசி ராலி, காரை வித்தாச்சு'ன்னு சொன்னார். நாங்கெல்லாம் ஆடிப் போயிட்டோம்."

போன் அடித்தது. புது நம்பர்.

"வணக்கம் மேடம்... நான் கன்னிவாடியிலருந்து திருமலைச்சாமி. கோகுலுக்குப் பொண்ணு குடுக்கிறவன். வர்ற வெள்ளிக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளையப் புடிச்சு வச்சிருக்கீங்களாமே?"

"விசாரிச்சுக்கிட்டு இருக்கோம்."

"அது உங்க சோலி. நான் பந்தல்காரனுக்கு ஒரு பதில் சொல்லணும். கல்யாணத்தை நடத்தவா, நிறுத்தவா? கொலைகாரனுக்குப் பொண்ணைக் கட்டி வைக்க நான் தயாரா இல்ல. சாயங்காலம் வரைக்கும் பாப்பேன்."

முருகேஸ்வரி பல்லைக் கடித்தாள். போனை வைப்பதற்குள் அடுத்த அழைப்பு. டி.எஸ்.பி!

"முருகேஸ்வரி, வண்டி கிடைச்சாச்சு, ஆள் கிடைச்சாச்சு, வீடியோவே இருக்கு. இன்னும் என்ன? பையனை சாயங்காலம் ரிமாண்ட் பண்ணு. க்ளப்காரங்களை அதுக்கு முன்னாடி கீழே அனுப்பிடு. மெட்ராஸ்லேருந்து போன் மேல போன்!"

"சார், கொஞ்சம் டைம்..."

வைத்துவிட்டார்!

*

ஜாசிம் டீக்கடையின் மேலே ஒரு காமிரா இருந்தது.

முருகேஸ்வரி சின்னத் திரையை உற்றுப் பார்த்தாள். விடியற்காலை. பனி. ஹோட்டல் பக்கமிருந்து பிக்கப் இறங்கி வருகிறது. கண்ணாடி முழுக்க ஈரம். ஓட்டுவது யார் என்று தெரியவில்லை.

"சே!" மேஜையைக் குத்தினாள். டீ கிளாஸ் குதித்தது. "இதுவும் போச்சு!"

திரையில் பிக்கப் வேகத்தடையை நெருங்கியது. நின்றது. மூக்கை வலது பக்கம் ஒடித்தது. ஒவ்வொரு சக்கரமாக...

முருகேஸ்வரியின் கை அந்தரத்தில் நின்றது.

"ஜாசிம் பாய்! திரும்பப் போடுங்க!"

போட்டார். மறுபடியும் அதே சாய்வு!

"ஏட்டய்யா... ஸ்பீடு பிரேக்கரைக் கண்டா கோகுல் எப்படி ஏத்துவான்?"

"லோடு வண்டிக்காரன் மேடம். டமால்னு நேரா ஏத்தி எறக்குவான்."

"உசரமான பிக்கப்பை எதுக்குச் சாய்க்கணும்? அதுக்கு அடி தட்டாதே! இதை ஓட்டுனது லோடு வண்டிக்காரன் இல்ல. அவ்வளவு பெரிய வண்டியில உக்காந்தும் கை பழைய பழக்கத்தை விடல. காலையில ஹாரன் அடிச்சு அடிச்சு வெறுத்துப் போனேனே... அந்தக் கூட்டத்துல ஒரு ஆளு!"

"அந்தக் கூட்டத்துல எல்லாருமே சாய்ப்பாங்களே மேடம்?"

மறுபடியும் முட்டுச் சந்து!

விசாரித்ததில் உறுப்பினர்கள் எல்லோரும் அந்த நேரத்தில் ஹோட்டல் சாப்பாட்டுக் கூடத்தில் பொங்கலும் வடையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவனைத் தவிர.

முகேஷ்! செயலாளர்! ராஜேஷ்குமார் இல்லாவிட்டால் அடுத்த தலைவர்!

*

"ஒரு சின்ன உதவி முகேஷ். இந்த ஜீப்பைக் கொஞ்சம் டீக்கடை வரைக்கும் எறக்கி விடுங்க. ஏட்டய்யாவுக்குக் கால் வலி."

இப்ராம்சா உடனே நொண்டினார்.

முகேஷ் ஏறி உட்கார்ந்தான். முருகேஸ்வரி பக்கத்தில். ஜீப் சரிவில் இறங்கியது. வேகத்தடை நெருங்கியது. முருகேஸ்வரி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒடி... ஒடிடா...

முகேஷின் இடது கை டேஷ்போர்டில் எதையோ தேடியது. துழாவியது. அதற்குள்...

டமால்!

ஜீப் நேராக ஏறி நேராக விழுந்தது. இரண்டு பேர் தலையும் மேலே இடித்தன.

"என்னத்தைய்யா தேடுன?" தலையைத் தேய்த்துக்கொண்டு கத்தினாள் முருகேஸ்வரி.

"ஸாரி மேடம்! பட்டன் தேடினேன். என் கார் புது மாடல். பட்டனைத் தட்டினா முன்பக்கம் தானா மேல தூக்கிக்கும். நேரா ஏறிடுவேன். சாய்க்கிறதெல்லாம் பழைய வண்டிக்காரங்க வேலை."

"அப்ப காலையில எங்கதான் போய்த் தொலைஞ்ச?"

முகேஷ் தலைகுனிந்தான். விரல் நகங்களில் பச்சைப் பெயிண்ட். "ஹோட்டல் கேட்ல பம்பரை உரசிட்டேன் மேடம். க்ளப்ல தெரிஞ்சா மானம் போயிடும். பின்பக்கம் உட்கார்ந்து பூசிட்டு இருந்தேன்."

முருகேஸ்வரிக்குக் கத்தி அழ வேண்டும் போலிருந்தது. இருந்த ஒரு சந்தேகமும் பம்பரோடு போய்விட்டது. கோகுல் ஸ்டேஷனில் தாடையில் கை வைத்து உட்கார்ந்திருப்பான். இப்போது அவனுக்குச் சொல்ல என்ன இருக்கிறது?

*

ஹோட்டல் வாசலில் ஜீப் கிளம்பத் தயாராக நின்றது. உடலை அடையாளம் காட்டிக் கையெழுத்துப் போட ரோகிணியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். இப்ராம்சா அவளை முன் சீட்டில் உட்கார வைத்தார்.

அதே நேரம் டி.எஸ்.பி. மறுபடியும் போனில்!

"ரிமாண்ட் ரிப்போர்ட் எங்கேம்மா?"

"ஏட்டய்யா! அந்த ஃபைலைக் கொண்டாங்க! இன்னும் என்ன அங்க வேடிக்கை?"

எரிச்சலில் அவள் போட்ட சத்தத்தில் இப்ராம்சா ஃபைலோடு ஓடி வந்தார்.

பின்னால்... க்ரீச்!

ஜீப் நகர்ந்தது.

"ஏட்டய்யா... கல்லு வச்சீங்களா?"

"யா அல்லா!"

ஆளில்லாத ஸ்டியரிங்கோடு ஜீப் சரிவில் பாய்ந்தது! முன் சீட்டில் ரோகிணி! கீழே டூரிஸ்ட் வேன் ஒன்று குறுக்கே நின்றது. அதைத் தாண்டி வேகத்தடை. அதையும் தாண்டினால் பள்ளம்!

"குதிங்கம்மா! குதிங்க!" முருகேஸ்வரி அலறிக்கொண்டு ஓடினாள்.

ரோகிணி ஒரே ஒரு முறை வீறிட்டாள்.

பிறகு சத்தமில்லை.

அவள் டிரைவர் சீட்டுக்குத் தாவினாள். வேனுக்கு ஒரு சாண் இடைவெளியில் ஜீப் வளைந்து விலகியது. கியர் விழும் சத்தம் கரகரவென்று கேட்டது. வேகம் குறைந்தது. இன்னும் குறைந்தது. வேகத்தடை வந்தது.

ஜீப்பின் மூக்கு வலது பக்கம் ஒடிந்தது!

சாய்வாக... ஒவ்வொரு சக்கரமாக ஏறி... ஒவ்வொரு சக்கரமாக இறங்கி... சக்கரத்தை மலைச்சுவர்ப் பக்கம் திருப்பி முட்டுக் கொடுத்துக்கொண்டு நின்றது.

க்ளப் ஆட்கள் தங்களை மறந்து கைதட்டினார்கள். விசிலடித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

முருகேஸ்வரி மூச்சு வாங்க ஜீப்பை அடைந்தாள்.

"சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதுன்னு சொன்னீங்க?"

ரோகிணியின் கைகள் இன்னும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. அழுகை எங்கோ போயிருந்தது.

"அந்த பிக்கப் ஸ்டியரிங்ல இருக்கிற கைரேகையை எடுக்கச் சொல்லவா?"

"வேண்டாமுங்க. என்னுதுதான். சாவியோட நின்னுது, எடுத்தேன்; ஏத்திட்டு நடந்தே ரூமுக்குத் திரும்பிட்டேனுங்க."

"ஏன்மா?"

"அந்தக் கப்பு எல்லாமே நான் ஓட்டி ஜெயிச்சதுங்க. ஹெல்மெட்டுக்குள்ள யாருன்னு யாருக்குத் தெரியும்? முடியறதுக்கு முன்னாடி ஏதாவது ஒரு வளைவுல சீட்டு மாத்திக்குவோம். அவர் எறங்கிக் கை காட்டுவார். நான் வாந்திப் பையைப் புடிச்சுக்கிட்டு நிப்பேன். லைசென்ஸ்கூட எடுக்க விடலைங்க. அதையும் பொறுத்துக்கிட்டேன். ஓட்டவாவது கெடைக்குதேன்னு! நேத்து எல்லார் முன்னாடியும் காரை வித்துட்டேன்னாரு. ஏங்கன்னு கேட்டேன். 'உனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது, உனக்கென்ன கவலை?'ன்னு சிரிச்சாருங்க. மேஜையே சிரிச்சுது."

அந்தச் சிரிப்பு முருகேஸ்வரிக்கும் தெரிந்ததுதான். ஆனால் கோகுலின் சிவந்த கண்களும் ஞாபகத்துக்கு வந்தன.

"உங்க கோவத்துக்கு அந்தப் பையன் கழுத்தையா குடுக்கிறது?"

ரோகிணி மேலே நின்ற க்ளப் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் ஓட்டினதுக்கு இன்னைக்குத்தானுங்க மேடம் கைதட்டினாங்க" என்றபடி இறங்கினாள்.

*

போன் அடித்தது.

"மேடம், திருமலைச்சாமி. நடத்தவா, நிறுத்தவா?"

"நடத்துங்கய்யா! தடபுடலா நடத்துங்க! மாப்பிள்ளைய இப்பவே அனுப்பி வைக்கிறேன். சாவியை மட்டும் வண்டியில விடக் கூடாதுன்னு சொல்லி வைங்க."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். இப்ராம்சா கையில் கல்லோடு நின்றார்.

"மன்னிச்சிருங்க மேடம். கல்லு வைக்க மறந்துட்டேன். சஸ்பென்ஷனா மேடம்?"

"அது இருக்கட்டும் ஏட்டய்யா. ஹேண்ட் பிரேக் மாத்தித் தரச் சொல்லி மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருந்தோமே..."

"ஆமா மேடம். இன்னொரு தடவை எழுதணுமா?"

"எழுதுங்க. கேஸைக் கண்டுபிடிக்கிறதே அதுதான், தயவுசெஞ்சு மாத்திராதீங்கன்னு எழுதுங்க!"