இருபத்திமூன்றாம் கேள்வி

ஏழாவது கேள்வியைச் சர்வேக்காரி இன்னும் வாசித்து முடிக்கவில்லை. அதற்குள் பதிலுக்கு நேரே டிக் விழுந்திருந்தது.

விளம்பரக்காரர்கள் உங்களைப் பற்றித் தெரிந்து வைத்திருப்பது உங்களுக்கு எப்படி இருக்கிறது என்பது கேள்வி. எதிரே இடுப்பில் குழந்தையும் தலையில் ஈரத்துண்டுமாக நின்றிருந்த பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, "என்னத்தச் சொல்ல, பழகிப்போச்சு" என்றாள். சர்வேக்காரியின் கையிலிருந்த டேப்லெட் திரையில் 'பழகிவிட்டது' என்ற கட்டத்தில் பச்சை டிக் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. கட்டைவிரல் பட்டிருக்கும், வியர்வை வேறு என்று சர்வேக்காரி டேப்பைக் கைக்குட்டையால் துடைத்தாள். அது காய்ச்சல்காரன் நெற்றிபோலச் சுட்டது.

எட்டாவது கேள்விக்கும் அப்படித்தான். ஒன்பதாவதுக்கும்.

ஒன்பது மாடி, மாடிக்கு நான்கு வீடு. காலையிலிருந்து மேலிருந்து கீழாக வந்துகொண்டிருந்தாள். ஒரு நாளைக்குப் பதினெட்டு வீடு முடிக்க வேண்டும். போன், டிவி, செய்தி, விளம்பரம், இணையத்தில் அந்தரங்கம் என்று மொத்தம் இருபத்திரண்டு கேள்விகள். பதினான்கு மாதமாக இதே வேலை. ஜனங்கள் என்ன சொல்வார்கள் என்பது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. "நேத்து மெத்தை வாங்கணும்னு வாய்விட்டுச் சொன்னேன், இன்னிக்கு முழுக்க மெத்தை விளம்பரம்" என்று பாதிப் பேர் சிரிப்பார்கள். "எங்கிட்ட மறைக்க என்ன இருக்கு" என்று மீதிப் பேர் கதவை ஒருக்களித்துப் பிடித்தபடி சொல்வார்கள். அவளும் அந்த இரண்டாவது கட்சிதான்.

முதல் கேள்விக்கு முன்னால் ஒப்புதல் பத்தி ஒன்று உண்டு. பன்னிரண்டு வரி. அதை வாசித்துக் காட்டி, வீட்டுக்காரர் தன் விரலால் 'ஒப்புக்கொள்கிறேன்' என்பதைத் தொட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் வாசித்துப் பார்த்தாள். நான்காவது வரியில் கதவு சாத்திக்கொள்ளும். அதற்கப்புறம் அழைப்பு மணியை அழுத்துவதற்கு முன்பே, படியேறும்போதே, அதைத் தானே தொட்டுவிடப் பழகிக்கொண்டாள். கேட்டால் சரி என்றுதானே சொல்லப் போகிறார்கள். எல்லா சர்வேக்காரர்களும் செய்வதுதான்.

பூட்டிக் கிடந்த வீடுகள் போக, மதியத்துக்குள் பதினோரு வீடு முடிந்துவிட்டது. நம்பவே முடியவில்லை. யாரும் இன்முகமாகப் பேசவில்லை. ஒருத்தி கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே பதில் சொன்னாள். ஒரு பல் டாக்டர், "எங்க வீட்டு நம்பர யாரு உனக்குக் குடுத்தா?" என்று நாயை அதட்டுவதுபோலக் கேட்டார். ஆனால் எல்லாரும் பதில் சொன்னார்கள். அவர்கள் சொல்வதற்கு முன்பே டிக் விழுந்தது. வேலை சுளுவாகப் போகிறதே என்று முதலில் அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். யாரோ முன்பே வந்து பாதி படிவத்தை நிரப்பிவிட்டுப் போயிருப்பார்கள், அது ஒட்டிக்கொண்டு வருகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஒன்றுதான் உறுத்தியது. பேசும்போது யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆரம்பத்தில் பார்ப்பார்கள், எரிச்சலோடு, ஏற இறங்க. கடைசிக் கேள்வி நெருங்க நெருங்க அவர்கள் கண்கள் அவளுடைய இடது தோளுக்கு மேலே போய் நிலைகுத்தி நிற்கும். எதிர்வீட்டுக் கதவைப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். இருபத்திரண்டாவது முடிந்ததும் அவள் டேப்பை மூடிக்கொண்டு நகர்ந்துவிடுவாள். முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தும் சத்தம் வர வேண்டும். இன்று ஒரு வீட்டிலும் அந்தச் சத்தம் வந்த ஞாபகம் இல்லை.

ஐந்தாவது மாடியிலிருந்து நான்காவதுக்கு இறங்கும் படிக்கட்டில் வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைப் பட்டை பட்டையாக விரித்திருந்தது. எங்கோ ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது. குழாயில் தண்ணீர் இறங்கும் சத்தம் சுவருக்குள்ளே நீளமாக ஓடி நின்றது. அது நின்ற பிறகு, அவள் செருப்புச் சத்தத்துக்கு அரை நொடி பின்னால், செருப்பில்லாத பாதம் ஒன்று படியில் ஒட்டிப் பிரியும் மெல்லிய ஓசை கேட்டது. அவள் நின்றாள். அதுவும் நின்றது. பழைய டிவியின் பின்பக்கத்தைத் திறந்தால் வருமே, சூடேறிய தூசியின் வாடை, அது படிக்கட்டு முழுக்க நிறைந்திருந்தது.

திரும்பிப் பார்த்தாள். வெயில். கம்பி நிழல். வேறொன்றும் இல்லை.

போன் அடித்தது. சூப்பர்வைசர். அவளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன்.

"என்னக்கா, இன்னிக்கு யாரக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?"

"யாரயும் கூட்டிட்டு வரலயே, தம்பி."

"பொய் சொல்லாதீங்க. ரெக்கார்டிங் எல்லாம் இங்க வந்துட்டுத்தான் இருக்கு. நீங்க கேள்வி கேக்கறப்ப உங்க பக்கத்துல ஒருத்தர் மூச்சு விடற சத்தம் கேக்குது. நல்லா இழுத்து, இழுத்து."

"படியேறி இறங்கறேன்ல, எனக்குத்தான் வாங்குது."

"நீங்க பேசிட்டே இருக்கறப்ப எப்படிக்கா மூச்சும் விடுவீங்க?" அவன் சலித்துக்கொண்டான். "சரி, அத விடுங்க. இருபத்திமூணாவது கேள்விய மட்டும் ஏன் வாய்விட்டுக் கேக்க மாட்டேங்கறீங்க? பதில் மட்டும் வருது."

"இருபத்திரண்டுதானே தம்பி இருக்கு."

"காலைல போட்ட பதினோரு வீட்டுக்கும் இருபத்திமூணு பதில் வந்திருக்கு. எல்லாம் 'ஆம்'. ஒழுங்கா கேட்டுப் போடுங்க, சும்மா டிக் அடிக்காதீங்க." போனை வைத்துவிட்டான்.

சும்மா டிக் அடிக்காதீங்க. காதில் அது எரிந்தது. ஏற்கெனவே காலையிலிருந்து மனசு சரியில்லை. எட்டாவது படிக்கும் மகளின் போனில் பூட்டு இருக்கக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். நேற்று அதிலிருந்த மெசேஜ்களை எல்லாம் உட்கார்ந்து படித்திருந்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?" என்று மகள் கேட்டாள். "பெத்தவ எதுக்குடி கேக்கணும்?" என்று இவள் சொன்னாள். அதற்குப் பிறகு மகள் பேசவில்லை. பள்ளி விட்டு வந்தாவது பேசுவாளோ என்னவோ.

நான்காவது மாடியில் முதல் வீடு, ஓய்வு பெற்ற ரயில் டிரைவருடையது. கதவைத் திறந்ததும் அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"என்ன விக்கிறே?"

"ஒண்ணும் விக்கல சார். சர்வே. உங்க கருத்து மட்டும்."

"என் கருத்த வாங்கிட்டுப் போய் எங்க விப்பே?"

அவர் அகலமான தோள்களோடு வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். "முப்பத்திநாலு வருஷம் வண்டி ஓட்டினவன். சிக்னல் பாக்காம எதுக்கும் தலையாட்ட மாட்டேன். கேளு, எல்லாத்துக்கும் கிடையாதுதான்."

ஒப்புதலை இவருக்கும் அவள் படியிலேயே தொட்டுவிட்டிருந்தாள்.

"உங்கள் தகவல்களைப் பிறருடன் பகிர உங்களுக்குச் சம்மதமா?" என்று வாசித்தாள். 'ஆம்' என்பதில் டிக் விழுந்தது.

"கிடையாது" என்றார் அவர்.

இயந்திரம் தோற்றுவிட்டது. அவளுக்கு அழுகை வரும்போல அத்தனை ஆறுதல். 'இல்லை' என்ற கட்டத்தைத் தொட்டாள். டிக் நகரவில்லை. மறுபடி அழுத்தினாள். நகரவில்லை.

"கிடை..." என்று அவர் திரும்பத் தொடங்கினார். தொண்டை ஏறி இறங்கியது. தாடை ஒரு பக்கமாக இழுத்தது. பிறகு அவருடைய கனமான குரலிலேயே, தெளிவாக, "சம்மதம்" என்றது வாய்.

அவர் கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டார். அவளைப் பார்த்தார். வீட்டில் திருட்டுப் போனவனின் பார்வை அது.

"நான் அதச் சொல்லல" என்றார் விரல்களுக்கிடையில். "ஏம்மா, நான் சொன்னது அது இல்ல."

அவள் வாசிப்பதை நிறுத்திவிட்டாள். திரை நிறுத்தவில்லை. டிக்குகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கின. பொத்திய கைக்குள்ளே அவர் வாய் அவற்றின் பின்னால் ஓடியது. ஆம். ஆம். பரவாயில்லை. ஆம். பழகிவிட்டது. ஆம். கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

இருபத்திரண்டு முடிந்தது. அவளுக்கு டேப்பை மூட விரல் வரவில்லை. திரை வெளுத்தது. ஒரே ஒரு வரி வந்தது.

'உள்ளே வரலாமா?'

கீழே ஒரே கட்டம். 'இல்லை' என்பதற்குக் கட்டமே இல்லை.

அவர் கையை எடுத்தார். முகம் துடைத்ததுபோல அமைதியானது. பார்வை அவளுடைய இடது தோளுக்கு மேலே போய் நின்றது.

"வாங்க" என்று சொல்லி, கதவை முழுக்கத் திறந்து, சுவரோடு ஒட்டி வழிவிட்டார்.

"இல்ல சார், நான் கிளம்பறேன்."

"உன்னச் சொல்லல."

இடது காதோரம் சூடாக ஒரு காற்று. இழுத்து. இழுத்து. சூடேறிய தூசி வாடை அவள் கன்னத்தை உரசிக்கொண்டு முன்னால் போனது.

டேப்பை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள். லிஃப்ட் மேலிருந்து இறங்கி வந்தது. கண்ணாடிச் சதுரத்தின் வழியே ஒவ்வொரு மாடியாகத் தெரியும் லிஃப்ட். உள்ளே யாரும் இல்லை. ஏறப் பயந்து, நிமிர்ந்து படிக்கட்டின் நடுச்சந்து வழியே மேலே பார்த்தாள். மேல் மாடி வீடு ஒன்றின் வாசல் தெரிந்தது. கதவு திறந்திருந்தது. ஈரத்துண்டுப் பெண் குழந்தையோடு சுவரில் ஒட்டி, வழிவிட்டபடியே நின்றிருந்தாள். துண்டு காய்ந்துவிட்டிருந்தது. குழந்தை அழவில்லை.

கீழே, காலையில் அவளை உட்கார்ந்தபடியே விரட்டாத குறையாகக் கேள்வி கேட்ட காவலாளி, அவள் ஓடிவருவதைக் கண்டதும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். அவளுக்காக எழவில்லை.

பேருந்தில் கூட்டம் நெரிந்தது. அவளுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. பக்கத்து இருக்கை காலி. கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். கைப்பிள்ளைக்காரி ஒருத்தி, ஊன்றுகோலோடு ஒரு பெரியவர். யாரும் அதில் உட்காரவில்லை. உட்கார வந்த ஒருவன், "ஓ, ஸாரி" என்று பின்வாங்கினான். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

இருக்கையின் ரெக்ஸின் மெல்ல அமுங்குவது மட்டும் கேட்டது.

டேப்பை விட்டுவிட்டு வந்தாச்சே. விட்டுவிட்டு வந்தாச்சே.

வீட்டு வாசலுக்குப் பத்தடி முன்னால் நின்றுவிட்டாள். சாவி கையில் இருந்தது. மூடிய கதவைப் பார்த்தாள். அந்தக் கதவு திறக்கக் கூடாது. அவளுக்காகக்கூடத் திறக்கக் கூடாது. சாவியைச் சாக்கடைக்குள் எறிந்தாள். மகளுக்கு போன் போட்டாள்.

"கதவத் திறக்காத. யாரு வந்தாலும். நானே வந்து கூப்பிட்டாலும் திறக்காதடி கண்ணு."

"ஏன்?"

"அப்பறம் சொல்றேன். எதுக்கும் சரின்னு சொல்லிடாத. போன்ல எது வந்தாலும் தொடாத."

மகள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது, அழுதிருக்கிறாள்.

"எனக்கு ஒரு சர்வே வந்துச்சு" என்றாள். "நான் ஒண்ணும் தொடலம்மா. எல்லாம் அதுவாவே டிக் ஆயிருக்கு."

"மூடிடு. போன அணைச்சுடு."

"முதல்ல பெத்தவங்க சம்மதம்னு ஒரு பக்கம் இருந்துச்சு. அதுல உன் பேரு போட்டிருக்கு. நீ சரின்னு சொல்லிட்டதா போட்டிருக்கு." குரல் தாழ்ந்தது. "ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்த கூட கேக்கலியா?"

"நான் சொல்லலடி. நான் சொன்னது அது இல்ல."

உள்ளே தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

அவள் ஓடிப்போய்க் கதவுக்கு முதுகைக் கொடுத்து, நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றாள். தெருவில் மாலை வெயில். ஒருவரும் இல்லை. முதுகுக்குப் பின்னால் கதவு விலகியது. மகளின் கை, குளிர்ச்சியாக, அவள் இடுப்பைத் தொட்டு மெதுவாக ஓரத்துக்கு நகர்த்தியது. அத்தனை பலம் அந்தக் கைக்கு எப்படி வந்தது.

"தள்ளிக்கோம்மா" என்றாள் மகள். பிறகு தெருவைப் பார்த்து, "வாங்க."

பள்ளிச் சீருடையோடு சுவரில் ஒட்டி நின்றாள். கதவைப் பிடித்திருந்தாள். வாசல் வெளிச்சம் ஒரு தரம் மங்கித் தெளிந்தது. மகளின் கண்கள் வாசலிலிருந்து கூடம் வரைக்கும் நகர்ந்தன. திரும்ப வாசலுக்கு வந்தன. மறுபடி கூடம் வரைக்கும். மறுபடி வாசல். யாரோ ஒருவர் நுழைந்ததும் அடுத்தவருக்காகப் பார்ப்பதுபோல.

வாசல். கூடம்.

வாசல். கூடம்.

கூடத்துக்குள் இருந்த நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டன. மகள் இன்னும் கதவைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள்.