கறுப்புக் கிடா புளித்த கதை

"என் பீரை நாசம் பண்ணிட்டான், இன்ஸ்பெக்டர் ஐயா! உடனே வந்து அந்த ஜேபஸைப் பிடிச்சு உள்ளே போடுங்க!"

கதவைத் தட்டாமலே நுழைந்த ஹெஸ்டர் ராம்ஸ்டனின் தொப்பி ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. அந்த யார்க்ஷயர் பள்ளத்தாக்கின் மதுக்கடைகளுக்கெல்லாம் அவளுடைய ஆலைதான் பீர் அனுப்பியது. ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் செல்வின் ஹேக் தேநீர்க் கோப்பையை நிதானமாகக் கீழே வைத்தார். அவர் போகும் இடமெல்லாம் கூடவே போகும் உள்ளூர்ப் பத்திரிகை நிருபர் நோரா, அதற்குள் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"உள்ளே போடறது இருக்கட்டும். என்ன நடந்ததுன்னு சொல்லுங்க" என்றார் ஹேக்.

"இன்னிக்கு மத்தியானம் கண்காட்சியில பீர்ப் போட்டி. எங்க 'கறுப்புக் கிடா' பீப்பாயை வியாழக்கிழமையே கூடாரத்துல வச்சாச்சு. இப்போ குழாயைப் போட்டு ருசி பார்த்தா, சுத்த வினிகர்! பரிசு வரலேன்னா ஆலையைப் பட்டணத்துக் கம்பெனிக்கு வித்துடலாம்னு அண்ணன் பையன் கிளைவுக்கு வாக்குக் கொடுத்துட்டேன். அவங்க வாங்கின மறுநாளே பூட்டிடுவாங்க."

"ஜேபஸ்தான்னு எப்படித் தெரியும்?"

"நேத்து சாயங்காலம் அவன் எங்க பீப்பாயை உருட்டிட்டுப் போயி, வேற ஒண்ணை உருட்டிட்டு வந்து வச்சதைக் கிளைவ் கண்ணால பார்த்திருக்கான்!"

கூடாரத்தில் பீப்பாய்கள் மரத் தாங்கிகளில் வரிசையாகப் படுத்திருந்தன. போட்டி ஆலைக்காரர் ஜேபஸ் அவுத்வெயிட், சிவந்த முகத்துடன் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"வாம்மா ஹெஸ்டர், விலங்கு கொண்டு வந்தியா? என் மணிக்கட்டுக்குப் பெரிய அளவா வேணும்."

"உன் வாய்க்கு ஒரு பூட்டும் சேர்த்துக் கொண்டு வந்திருக்கணும்!"

ஹேக் குனிந்து, ஒரு கண்ணாடிக் குவளையில் 'கறுப்புக் கிடா'வைப் பிடித்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கருஞ்சிவப்பாக, மாணிக்கக் கல்போல் மின்னியது. நோரா அவசரப்பட்டு ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"வியாழக்கிழமை இதைக் கொண்டு வந்தது யார்?" என்று கேட்டார் ஹேக்.

"நான்தான் சார்" என்றான் கிளைவ். லண்டன் அலுவலக வேலையை விட்டு வந்தவன், பளபளக்கும் சப்பாத்து. "நானே ஏத்தி, நானே வேன் ஓட்டி வந்தேன். அத்தைக்கு முதுகுவலி."

"காலையில அசைச்சீங்களா, அம்மா?"

"தொடவே இல்லை. குழாயைப் போட்டதோட சரி."

ஹேக் தலையசைத்தார். "உங்க ஆலையோட பாட்டில் பீர் ரெண்டு கொடுங்க. எல்லாரும் கிட்ட வாங்க."

முதல் பாட்டிலை மெதுவாகச் சாய்த்து ஊற்றினார். பீர் தெளிவாக இறங்கியது. இரண்டாவதை மேஜையில் நாலு தடவை உருட்டிவிட்டு ஊற்றினார். குவளையில் சேற்றுத் தண்ணீர்போல் கலங்கி நின்றது.

நோரா துள்ளினாள். "அடியில இருந்த ஈஸ்ட் வண்டல்!"

"பாட்டில்லயே இவ்வளவுன்னா பீப்பாய்ல எவ்வளவு இருக்கும்? உருட்டினா அது அடங்க ஒரு நாளுக்கு மேல ஆகும். நேத்து சாயங்காலம் உருட்டி வச்ச பீப்பாய் இன்னிக்குக் காலையில மாணிக்கமா ஊத்துமா?"

ஹெஸ்டர் தலையில் அடித்துக்கொண்டாள். "ஆத்திரத்துல எனக்கே தோணலையே!"

"ஆக, இங்கே யாரும் எதையும் மாத்தலை. வியாழக்கிழமை வந்ததே புளிச்ச பீப்பாய்தான். பீர்த் தொழில்ல பிறந்து வளர்ந்தவங்க யாரும் இப்படி ஒரு பொய்யைச் சொல்லியிருக்க மாட்டாங்க. என்ன கிளைவ்?"

கிளைவின் முகம் வெளுத்தது. "வித்தா எனக்கும் பங்கு வரும், அத்தை... லண்டனுக்கே திரும்பிடலாம்னு..."

"கெட்டுப்போச்சுன்னு எந்தக் கடையாவது உங்க பீப்பாயைத் திருப்பி அனுப்பிச்சுதா, அம்மா?" என்று ஹெஸ்டரைக் கேட்டார் ஹேக்.

"ஒண்ணு வந்தது. கண்காட்சி முடிஞ்சதும் கொட்டிடலாம்னு நிலவறை மூலையில வச்சிருக்கோம்."

"அங்கே இருக்கறது அது இல்லை. அதைத்தான் கிளைவ் இங்கே ஏத்திட்டு வந்திருக்கான். மூலையில அசையாம இருக்கறது உங்க நல்ல கறுப்புக் கிடா."

ஹெஸ்டரின் முகம் மலர்ந்து, உடனே வாடியது. "இங்கே கொண்டு வந்தா கலங்கிடுமே, ஐயா!"

"பீப்பாய் ஏன் வரணும்? நடுவர்களுக்குக் கால் இல்லையா?"

நடுவர்கள் தயங்கினார்கள். மற்ற போட்டியாளர்கள் சம்மதிக்க வேண்டுமே என்றார்கள். எல்லோரும் ஜேபஸைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார்.

"போலாம்யா. வினிகரை ஜெயிச்சு எனக்கென்ன பெருமை? இந்தம்மாவோட நல்ல பீரைத் தோற்கடிச்சாத்தான் ராத்திரி தூக்கம் வரும்."

கண்காட்சிக் கூட்டமே பின்னால் திரண்டு வந்தது. நிலவறையில் ஹெஸ்டர் பீப்பாயின் மேல் துளையை அடைத்திருந்த காற்று முளையை மெல்லத் தளர்த்தி, ஒரே அடியில் குழாயை இறக்கினாள். பீர் அடங்கும்வரை காத்திருந்தார்கள். பிறகு முதல் குவளை மாணிக்கமாக நிறைந்தது. தலைமை நடுவர் குடித்தார். குறிப்பு எதுவும் எழுதாமல் காலிக் குவளையை மறுபடி நீட்டினார்.

முதல் பரிசு கறுப்புக் கிடாவுக்கு. ஜேபஸுக்கு இரண்டாவது. "தூக்கம் போச்சு!" என்று கத்தியபடி அவர்தான் ஹெஸ்டரைத் தோளில் தூக்கிக்கொண்டார்.

அங்கிருந்தபடியே அவள் கூட்டத்தில் கிளைவைக் கண்ணால் தேடிப் பிடித்தாள்.

"ஆலை விற்பனைக்கில்லைன்னு உன் கம்பெனிக்காரங்ககிட்ட நீயே சொல்லிடு. அப்புறம் அந்தப் பளபளப்புச் சப்பாத்தைக் கழட்டிட்டு வா. எல்லாக் கடையும் கறுப்புக் கிடா கேட்டு நிக்குது. இனிமே பீப்பாயை நான் ஏத்தறேன். நீ மெதுவா ஓட்டு!"