பூட்டனுக்குத் தண்டனை

செவ்வாய்க் கோளின் குடியிருப்பில் வளைகாப்பு என்றால் முதலில் செத்தவர்களை எழுப்புவார்கள். பழைய புகைப்படங்களையும் கடிதங்களையும் உருமீட்பியில் போட்டால் போதும். அது ஆளின் குணத்தைக் கண்டுபிடித்துச் சுவரில் பேச விடும். பிறக்கப்போகும் பிள்ளைக்கு முதல் ஆசி அந்தச் சுவரிலிருந்துதான் வரவேண்டும்.

இளம்பிறை வீட்டில் மூன்று தலைமுறையாக ஆசி சொல்லி வந்தவர் அவளுடைய பூட்டன் கிருபாகரன். பூமியில் எல்லாரும் கைப்பேசியும் கையுமாக அலைந்த காலத்து மனிதர். ஆயிரக்கணக்கில் படங்கள், எல்லாவற்றிலும் சிரிப்பு. உருமீட்பியும் நம்பிவிட்டது. சுவரில் அவர் தங்கமான மனிதர்.

மகள் யாழ்மொழியின் வளைகாப்புக்குப் பழைய பெட்டியைக் குடைந்தபோது, கிருபாகரனின் மனைவி, பூட்டி சகுந்தலா தன் தங்கைக்கு எழுதி அனுப்பாமல் விட்ட கடிதங்கள் இளம்பிறைக்குக் கிடைத்தன.

"கையை முறுக்கிவிட்டார். வீங்கிவிட்டது. சாயங்காலம் கல்யாண நாள் படம் எடுக்க வேண்டும். அம்மா முழங்கை வரை வளையல் அடுக்கி, 'அப்புறம் பேசிக்கலாம், இப்ப சிரி' என்றாள். சிரித்தேன்."

இளம்பிறைக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தப் படம் கூடத்தில்தான் மாட்டியிருந்தது. "இவளும் ஒரு தாயா?" என்று முகம் தெரியாத அந்த அம்மாவையும் சேர்த்துத் திட்டினாள்.

கடிதங்களை உருமீட்பிக்குள் போட்டாள். படந்தோறும் மனைவியின் மணிக்கட்டைப் பற்றியிருந்த கையை அது அதுவரை அன்பு என்று கணக்கில் வைத்திருந்தது. இப்போது திருத்திக்கொண்டது. சுவரில் சிரிப்பு அணைந்தது.

"அவங்க கையை முறுக்கினியாய்யா?"

"என் பொண்டாட்டி. உனக்கென்ன?"

உருவை ஒரே நொடியில் அழிக்கலாம். நினைவு நினைவாகவும் அழிக்கலாம். இளம்பிறை இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து, தேநீர் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"வேணாம்மா. நான் உன் பூட்டன்."

"அவங்களும் இப்படித்தானே கெஞ்சியிருப்பாங்க? அனுபவி."

சொந்த ஊர் போனது, பெயர் போனது, கடைசியில் பேச்சும் போனது. தேநீர் அவளுக்கு அன்றைக்கு அத்தனை ருசியாக இருந்தது. சுவரில் அவர் இருந்த இடத்தில் சகுந்தலாவை ஏற்றினாள்.

வளைகாப்பு அன்று கூடம் நிறைந்திருந்தது. சம்பந்திகள் முன்வரிசையில். படம் எடுக்கும் எந்திரன் எல்லாரையும் நெருங்கி நிற்கச் சொன்னது. சந்தனம் பூச மகளின் கையைப் பிடித்த இளம்பிறை நின்றுவிட்டாள். மணிக்கட்டில் ஐந்து விரல் பதிந்து நீலம் பாரித்திருந்தது. யாழ்மொழி தலை குனிந்தாள். பக்கத்தில் மாப்பிள்ளை எந்திரனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

இளம்பிறை சம்பந்திகளைப் பார்த்தாள். தட்டிலிருந்த வளையல்களை அள்ளி மகளின் முழங்கை வரை அடுக்கினாள்.

"அப்புறம் பேசிக்கலாம், இப்ப சிரி" என்றாள் காதோரம்.

சுவரில் சகுந்தலா தன் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். இளம்பிறையையே பார்த்தாள்.

"சிரிக்கிறேம்மா" என்றாள்.