விளக்கைப் பார்க்காத மந்தை

என் கணவரின் தம்பி லக்தர் எங்கள் வீட்டுக்கு வருகிறான் என்றால் வெகு நேரத்துக்கு முன்பே தெரிந்துவிடும். மெஸ்ஸாத் ஊர்ப் பாதையில் புழுதி கிளம்பும்போதே ஹாரனை அழுத்தத் தொடங்கிவிடுவான். இந்த வெட்டவெளியில் வழிவிட யார் இருக்கிறார்கள்? அல்ஃபா புல்லும் கல்லும்தான். ஆனாலும் அடிப்பான். டவுனில் மின்சாரச் சாமான் கடை வைத்திருக்கிறவன் இல்லையா, சும்மா வந்து இறங்கினால் மதிப்பு என்ன ஆவது.

அன்றைக்கு வண்டியின் பின்னால் மூன்று அட்டைப்பெட்டிகள் இருந்தன. மூன்றிலும் தூரத்துக்கு அடிக்கிற ஸ்பாட்லைட்டுகள்.

"மதினி, இனிமே உங்களுக்கு மேய்ப்பனே வேண்டாம். இதுல ஒண்ண எடுத்துக்குங்க, போதும்" என்றபடி இறங்கினான்.

மேய்ப்பன் அத்தியா இறந்து அப்போது ஒரு பருவம்கூட ஆகவில்லை. நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பிருந்தே எங்கள் மந்தை அவன் கையில்தான் இருந்தது. அவன் போனதும் ஆடுகள் யார் சொல்லையும் கேட்கவில்லை. இரவில் எழுந்து எங்கேயோ போயின. விடிந்ததும் நானும் என் கணவர் ஆமிரும் ஆளுக்கொரு திசையில் ஓடித் தேடினோம். சினையாயிருந்த இரண்டு தாய்களை நரி தின்றுவிட்டது. ஆமிருக்குப் பொழுது சாய்ந்தால் கண் தெரியாது. அதனால் இருட்டில் மந்தையைப் பார்ப்பது என் தலையில் விழுந்தது. என்னிடம் இருந்த பழைய டார்ச்சில் என் கால்விரலைத்தான் பார்க்க முடியும்.

குட்டி போடும் காலம் வந்துவிட்டது. இந்த முறை குட்டிகள் தங்கவில்லை என்றால் தாய்களையும் விற்க வேண்டியதுதான். பிறகு லக்தர் வீட்டுப் பின்னறையில் போய் ஒண்டிக்கொண்டு, அவன் போடுகிற ரொட்டியின் ஒவ்வொரு துண்டுக்கும் அவன் சொல்லிக்காட்டுவதைக் கேட்க வேண்டும். அதற்கு நரிக்குழியில் போய்ப் படுக்கலாம்.

தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். பெட்டிகளைப் பிரித்து, பிறந்த பிள்ளையைக் காட்டுவதுபோல் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினான்.

"இது ரெண்டு கிலோமீட்டர் அடிக்கும் மதினி."

"ரெண்டு கிலோமீட்டர் தள்ளி எனக்கு யாரு இருக்கா? என் ஆடு கல்லெறியிற தூரத்துலதான் படுத்திருக்கு."

"சரி, இதப் பாருங்க. பேட்டரி விடிய விடிய நிக்கும்."

"பொத்தான் பட்டாணி மாதிரி இருக்கே. கை வெறைச்சுப்போன குளிர்ல, ஒரு கையில குட்டியப் புடிச்சுக்கிட்டு இத எப்படி அமுக்கறது? நீ அமுக்கிக் காட்டு பாப்போம்."

ஆமிர் மீசைக்குள் சிரித்தார். லக்தருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"அப்ப நல்ல லைட்டுன்னா என்னன்னு நீங்களே சொல்லுங்க."

சொன்னேன். ஊரைப் பகலாக்குகிற விளக்கு எனக்கு வேண்டாம். அடித்தால் ஆட்டின் கண் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இருட்டில் விளக்கைப் பார்க்கிற ஆட்டின் கண் பச்சையாக மின்னும். தலையைத் திருப்பிக்கொண்டால் மின்னாது. ஆகவே மின்னுகிற கண்ணெல்லாம் நன்றாக இருக்கிற ஆடு. மின்னாத இடத்தில் ஒன்று பிரசவ வலியில் கிடக்கிறது, இல்லையென்றால் செத்துக் கிடக்கிறது. தரையோடு தரையாகத் திருட்டுத்தனமாக நகர்கிற கண் நரி. இதைத் தெரிந்துகொள்ளக் கடை வைத்திருக்க வேண்டியதில்லை.

"அத்தியா கெழவன்கிட்ட எந்த லைட்டு இருந்துச்சு? இருட்டுல உக்காந்து என்னத்தக் கிழிச்சான்?" என்றான் லக்தர்.

"செத்தவனப் பத்தி அப்படிப் பேசாதடா" என்றார் ஆமிர்.

அத்தியா பெரிய மகான் ஒன்றும் இல்லை. சலாம் சொன்னால் பாதி பதில்தான் வரும். நான் டார்ச்சோடு போனால், தேநீரில் விழுந்த ஈயைப் பார்ப்பதுபோல் அதைப் பார்ப்பான். மேட்டின் மேல் ஒரு கல்லில் இருட்டுக்குள் உட்கார்ந்திருப்பான். பல்லிடுக்கில் "ஸ்ஸ்" என்று மெல்ல ஒரு சத்தம் விடுவான். மந்தை முழுவதும் எழுந்து நிற்கும். அவன் உடம்பில் எப்போதும் ஆட்டுப் புண்ணுக்குப் பூசுகிற தாரின் வாசனை. அவனை எனக்குப் பிடிக்காது. ஆனால் அவன் இருந்தவரை ஒரு ஆடு தொலைந்ததில்லை.

பொழுது சாய்ந்தது. குளிர் வந்துவிட்டது. லக்தர் மெல்லிய தோல் சட்டையில் நடுங்கிக்கொண்டு சுவரைப் பார்த்தான். ஆணியில் அத்தியாவின் அங்கி தொங்கியது. ஒட்டக முடியில் நெய்தது, தலைமூடி வைத்தது.

"இத ஏன் இன்னும் வச்சிருக்கீங்க?"

நான்தான் வைத்திருந்தேன். குட்டியை இழந்த தாய் வேறு குட்டிக்குப் பால் தராது. செத்த குட்டியின் தோலை உரித்து, தாயில்லாத குட்டிக்குப் போர்த்திவிட்டால் மோந்து பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளும். ஆட்டுக்கு மூக்குதான் அறிவு. அதேபோல் அத்தியாவின் அங்கியை ஆமிர் போட்டுக்கொண்டு நின்றால் மந்தை அவரைச் சேர்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். அவர் மாட்டேன் என்றுவிட்டார். செத்தவன் தோலைப் போர்த்திக்கொண்டு நிற்பதற்கு நான் குட்டியா என்று கேட்டார்.

இதைக் கேட்டு லக்தர் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு அங்கியை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"ஆட்ட ஏமாத்த இவ்வளவு யோசனையா? பாத்துக்குங்க, நான்தான் அத்தியா." பல்லிடுக்கில் அந்தச் சத்தத்தையும் விட்டுக் காட்டினான். சரியாக வரவில்லை. எச்சில்தான் தெறித்தது.

வெளியே நிலவில்லை. ஆமிர் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். மந்தை எங்களுக்கு முன்னால் படுத்திருந்தது. அதற்கு அப்பால் அத்தியாவின் மேடு. ஆட்டுக் கம்பளி வாடையும் சாணி வாடையும் தவிர வேறு ஒன்றும் இல்லை.

லக்தர் பெரிய விளக்கை அடித்தான். காற்றில் இருந்த புழுதியெல்லாம் வெள்ளையாக எழுந்து நின்றது.

ஒரு கண்கூட மின்னவில்லை.

"நல்லாப் புழுதி காட்டுது. இத ஜல்லடை விக்கிறவன்கிட்டக் குடு" என்றேன்.

இரண்டாவதை அடித்தான். ஒளி ஒடுங்கி, கோலைப்போல் நேராக மேடு வரைக்கும் போனது. ஆடுகளின் முதுகுகள் தெரிந்தன.

கண் இல்லை.

"சரக்கே மட்டமா அனுப்பிட்டானுங்க" என்று முணுமுணுத்தான். மூன்றாவது கைக்கு அடக்கமான சின்ன விளக்கு. பெரிய பொத்தான். பார்த்ததுமே எனக்குப் பிடித்திருந்தது, அவனிடம் சொல்லவில்லை. அதை வாங்கி நானே அடித்தேன்.

அதிலும் இல்லை.

விளக்கு மூன்றும் கெட்டிருக்க முடியாது. கிட்டப் போய்ப் பார்த்தேன். ஆடுகள் தூங்கவில்லை. தலைகள் தூக்கியிருந்தன. காதுகள் விறைத்திருந்தன. எல்லாத் தலையும் எங்களுக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

எல்லாம் மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன.

நாயும்தான். தரையில் தாடையை வைத்து, வாலை மடக்கி, அதே பக்கம் பார்த்துப் படுத்திருந்தது. மேட்டுக்கு ஒளியைத் திருப்பினேன். கல் இருந்தது. கல்லின் மேல் யாரும் இல்லை.

லக்தர் இரண்டாவது விளக்கை மறுபடி அடித்தான். மந்தையின் வலது ஓரத்தில் ஒரு கண் மின்னியது.

பக்கத்தில் இன்னொன்று.

பிறகு ஒரு வரிசை. தலைகள் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தன. மேட்டிலிருந்து இறங்கி, மந்தையை வலப்பக்கமாகச் சுற்றி வருகிற ஒருவரைப் பார்த்துக்கொண்டே திரும்பினால் எப்படித் திரும்புமோ அப்படி. அவசரமே இல்லாத நடை. கண்கள் ஒவ்வொன்றாக எரிந்துகொண்டே வந்து, கடைசியில் மந்தை முழுவதும் பச்சையாக எங்களைப் பார்த்தது.

"பாத்தீங்களா மதினி" என்று லக்தர் துள்ளினான். "இதுதான் லைட்டு. ஆரம்பத்துல கொஞ்சம் சூடாகணும், அவ்வளவுதான். இதையே வச்சுக்குங்க."

அந்த மூடன் விளக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டான்.

ஆமிரின் விரல்கள் என் தோளில் அழுந்தின.

"உம்முல்கைர்" என்று என் பேரைக் கிசுகிசுத்தார். "எனக்கு அந்தப் பக்கம் யாரு நிக்கிறது?"

"யாரும் இல்ல."

"தார் வாசம் அடிக்குது."

"அங்கியில இருந்துதான் அண்ணே அடிக்குது" என்றான் லக்தர். "குளிச்சிருந்தாத்தானே கெழவன். இருங்க, அந்த ஓரத்துல போய் அடிச்சுப் பாக்குறேன்."

அங்கியோடும் விளக்கோடும் அவன் இடப்பக்கம் நடந்தான். தார் வாசனை அவனோடு போகவில்லை. எங்கள் பக்கத்திலேயே நின்றது.

அந்த ஓரத்திலிருந்து மந்தையின் மேல் அடித்தான்.

"மறுபடியும் போச்சே. ஒரு கண்ணும் தெரியல."

தெரியாது. ஆடுகள் அவன் விளக்கைப் பார்க்கவே இல்லை. அசையாமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. என் கையில் இருந்த சின்ன விளக்கில் அத்தனை கண்ணும் எரிந்தது. பார்வை என் மேல் இல்லை, ஆமிர் மேலும் இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் கொஞ்சம் பின்னால், கொஞ்சம் உயரத்தில்.

திரும்பிப் பார்க்கவில்லை. எதற்கும் பயப்படாதவள் என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். அன்றைக்குக் கழுத்து திரும்ப மறுத்துவிட்டது.

பிறகு வாசனை விலகியது.

என் வெளிச்சத்தில் கண்கள் அணையத் தொடங்கின.

"லக்தர், அங்கியக் கழட்டிப் போடு" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"வந்துருச்சு மதினி. இப்ப எல்லாக் கண்ணும் என்னையத்தான் பாக்குது" என்று அங்கிருந்து சிரித்தான்.

பல்லிடுக்கில் "ஸ்ஸ்" என்ற சத்தம் கேட்டது.

இந்த முறை சரியாக வந்தது.

அவன் விளக்கு தரையில் விழுந்து உருண்டது. ஓடி வந்து எங்கள் மேல் மோதி, ஆமிரின் காலைக் கட்டிக்கொண்டான். உடம்பில் மெல்லிய தோல் சட்டை மட்டும் இருந்தது.

"நான் கழட்டல அண்ணே. சத்தியமா நான் கழட்டல."

விழுந்த விளக்கின் ஒளி தரையோடு தரையாக மந்தையின் குறுக்கே கிடந்தது. அதில் பார்த்தேன். ஆடுகள் எழுந்து மேட்டை நோக்கி நடந்தன. மிரளவில்லை, கத்தவில்லை. நாய் கூடவே போனது. மேய்ப்பன் முன்னால் நடந்தால் ஆடுகள் அவனுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் விட்டுத்தான் நடக்கும். மந்தைக்கு முன்னால் அந்த இடம் இருந்தது. அதற்கு முன்னால் வெறும் இருட்டு.

விடிந்ததும் போனேன். மேட்டில் எல்லா ஆடும் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. ஒன்றும் குறையவில்லை. அங்கியைக் காணவில்லை. லக்தர் அதற்கு முன்பே கிளம்பிவிட்டான், ஹாரன் அடிக்காமல். டவுனில் விளக்குகள் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறானாம். இரண்டைத்தான் திருப்பியிருப்பான். சின்னது என்னிடம் இருக்கிறது.

அதன் பிறகு மந்தை எங்கேயும் ஓடவில்லை. நரி கிட்டே வரவில்லை. அல்லாஹ் காப்பாற்றினான், மந்தை நமக்குத் தங்கிவிட்டது என்று ஆமிர் நிம்மதியாகத் தூங்கினார். நானும் அப்படித்தான் நினைக்கப் பார்த்தேன். தினமும் தீனி வைக்கிறவள் நான், தண்ணீர் இறைக்கிறவள் நான். செத்த ஒருவனுக்கு இதில் என்ன பாத்தியதை இருக்கிறது?

மழை பெய்து ஓய்ந்த ஒரு இரவில், அந்தச் சம்பவத்துக்குப் பிறகு முதல் தாய் குட்டி போட்டது. விளக்கை வாயில் கவ்விக்கொண்டு, கையை விட்டு நானே இழுத்துப் போட்டேன். நல்ல பெண் குட்டி. சவ்வைக் கிழித்து மூக்கைத் துடைத்தேன். தும்மியது. சந்தோஷமாக இருந்தது; மறைக்க என்ன இருக்கிறது. எங்கள் குட்டி என்று வாய்விட்டே சொன்னேன்.

இங்கே குட்டி ஓரளவு தேறிய பிறகுதான் காதில் அடையாளம் வெட்டுவோம். எங்களுக்கு இடது காதில் நேர் வெட்டு. மேய்ப்பனுக்குக் கூலி என்று ஒதுக்குகிற ஒன்றிரண்டு குட்டிகளுக்கு அத்தியா வலது காதில் முக்கோணமாக வெட்டுவான்.

தலையைத் துடைத்தபோது என் விரல் ஏதோ ஒரு பள்ளத்தில் பட்டது. விளக்கைக் கையில் எடுத்துக் கிட்டே பிடித்தேன்.

வலது காது. முக்கோணம். ரத்தம் இல்லை. ஓரமெல்லாம் ஆறி, மேலே மயிர் முளைத்திருந்தது.

தாய் அதை நக்கிக்கொண்டிருந்தது. அதற்குள் பக்கத்தில் இன்னொரு தாய்க்கு வலி வந்துவிட்டது. அந்தக் குட்டியின் தலை வெளியே வந்ததும் வலது காதைத்தான் முதலில் தடவிப் பார்த்தேன்.