சொல்லுநர்

ஜெனோவாவின் புற்றுநோய் அவள் வீட்டுக் கழிப்பறையில் இருந்த குடல்காணிக்கு இரண்டு வருடங்களாகத் தெரியும். ஆனாலும் அது வாய் திறக்கவில்லை.

தூத்துக்குடியில் அது இல்லாத வீடு கிடையாது. கழிவில் இரத்தமோ கெட்ட செல்களோ கலந்திருந்தால் மோப்பம் பிடித்து எச்சரிக்கும் கருவி. ஆனால் நாற்பத்தைந்து வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அந்த எச்சரிக்கை போகாமல் அடைத்து வைத்திருந்தார் சுகாதார இயக்குநர் சந்தானகோபாலன். இளைஞர்களுக்குக் குடல் புற்று வருவது அபூர்வம், வீண் பீதி எதற்கு என்பது அவர் வாதம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய ஜெனோவா இரத்தம் போகிறது என்று சொன்னபோதெல்லாம் டாக்டர்கள், "சூட்டுக்கு வர்ற மூலம்மா, மோர் குடி" என்று அனுப்பிவைத்தார்கள். கடைசியில் குடலில் பாதியை வெட்டிவிட்டு வயிற்றில் பை மாட்டினார்கள். அப்போது அவளுக்கு வயது இருபத்தொன்பது.

ஆஸ்பத்திரியில் அதே நோயோடு பக்கத்துக் கட்டிலில் கிடந்த பிரிட்டோ கல்யாணத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்து செத்துப்போனான். அவனைப் புதைத்துவிட்டு வந்த ஜெனோவா தன்னைப் போன்ற இளைஞர்களைத் திரட்டினாள். சட்டையைத் தூக்கி, பை வெளியே தெரிய, தலைமைச் செயலக வாசலில் உட்கார்ந்தார்கள். விசாரணை நடந்தது. சந்தானகோபாலன் வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை. மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார்.

சட்டம் மட்டும் மாறியது. எச்சரிக்கை எல்லா வயதினருக்கும் உண்டு. அதிலும் இளைஞர்களுக்கு, அந்த நோயைத் தாண்டி வந்த ஒருவர்தான் நேரில் போய்ச் சொல்ல வேண்டும்.

"செவப்பு வெளக்கப் பாத்து ஒரு பிள்ள ஒத்தையில ஒடஞ்சு போயிரக் கூடாது" என்று வாதாடி அதை வாங்கியவள் ஜெனோவாதான். அப்படிச் சொல்பவர்களுக்குச் சொல்லுநர் என்று பெயர். மறைப்பவருக்குச் சிறை. சந்தானகோபாலனை மனதில் வைத்துத்தான் அந்தப் பிரிவை எழுதவைத்தாள். பழைய குற்றத்துக்கு அது செல்லாது என்று சொல்லிவிட்டார்கள்.

அவளையே தலைமைச் சொல்லுநர் ஆக்கினார்கள். ஒருநாள் காலை குடல்காணியின் எச்சரிக்கையோடு அவள் திரையில் ஒரு பெயர் வந்தது. மாளவிகா, வயது இருபத்துநான்கு. தந்தை பெயர் சந்தானகோபாலன்.

போனை எடுத்தவள் கீழே வைத்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். மறுநாளும் அப்படியே நினைத்தாள். அந்த மௌனம் அவளுக்கு இனித்தது.

காய்கறி மார்க்கெட்டில் சந்தானகோபாலனைப் பார்த்தபோது தானே போய்ப் பேசினாள்.

"மக நல்லாருக்காளா சார்?"

"அவளுக்கென்னம்மா, கல்லு மாதிரி இருக்கா" என்றார், முருங்கைக்காயை வளைத்துப் பார்த்தபடி. ஜெனோவா சிரித்த முகத்தோடு வீடு வந்து சேர்ந்தாள்.

மூன்றாவது வாரம் மாளவிகா அலுவலகத்துக்கே வந்தாள். மெலிந்திருந்தாள்.

"அக்கா, எங்கப்பா செஞ்சது தப்பு. வீட்ல சண்ட போட்டுட்டு வந்துட்டேன். உங்ககூட வேல செய்யணும்." நாற்காலியில் உட்கார்ந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "கொஞ்ச நாளா எனக்கும் ரத்தம் போகுதுக்கா. பயமா இருந்துச்சு. அப்புறம், ஏதாவது இருந்தா நீங்க சொல்லாம இருப்பீங்களான்னு நெனச்சுத் தைரியமா இருந்துட்டேன்."

ஜெனோவா திரையைத் திருப்பி அவள் பெயரைக் காட்டினாள்.

"இருக்கும்மா" என்றாள். "எனக்கு மூணு வாரமாத் தெரியும்."

மாளவிகா அழவில்லை. அப்பாவுக்குப் போன் போட்டு, "எனக்கும் அந்த நோய்தான்ப்பா, ஜெனோவாக்கா சொன்னாங்க" என்று மட்டும் சொன்னாள்.

சந்தானகோபாலன் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடி வந்தார். எந்த முகத்தைப் பார்க்க ஜெனோவா இத்தனை காலம் ஏங்கினாளோ அந்த முகம் இடிந்துபோய் எதிரில் நின்றது. அவர் அவள் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நீங்க இல்லேன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதும்மா. நான் உங்களுக்குச் செஞ்சதுக்கு நீங்க போய் எம்பொண்ண..."

ஜெனோவா கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள். அவர் விடவில்லை.

மாளவிகா மெதுவாகச் சொன்னாள்: "அந்த மூணு வாரத்த அப்பாகிட்டயும் நீங்களே சொல்லிருங்கக்கா. நீங்கதான சொல்லுநர்."