சுவருக்கு எடுத்த அளவு

கறைக்குத் தோள் இருந்ததைத் தையற்காரர் முதலில் தற்செயல் என்றுதான் நினைத்தார்.

படுக்கையறைச் சுவரில் பூத்த பூசணம் எவ்வளவு பெரிது என்று மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் எழுதித் தரச் சொல்லியிருந்தார். வேறு யாராவது என்றால் நீளம், அகலம் என்று எடுத்து முடித்திருப்பார்கள். முப்பது வருடம் நாடா பிடித்த கை, யாரையும் கேட்காமல் தோள், மார்பு, கை நீளம் என்று எடுத்துவிட்டது. அளவு நோட்டில் எழுதிய பிறகுதான் எதிர்ப்பக்கம் கண்ணில் பட்டது. பள்ளிச் சீருடை தைக்க மகளுக்கு எடுத்த அளவு. அரை அங்குலம்கூட வித்தியாசம் இல்லை.

வாடகை ஒப்பந்தம் தெளிவானது. வெளிச்சுவர் வீட்டுக்காரர் பொறுப்பு, உட்சுவர் குடியிருப்பவர் பொறுப்பு. மாடிக் குளியலறைக் குழாய் இரண்டுக்கும் நடுவே இறங்கியது. அது யார் பொறுப்பு என்று ஒப்பந்தம் வாய் திறக்கவில்லை.

"குழாய் கல்லு மாதிரி இருக்கு," என்றார் வீட்டுக்காரர். "நீங்க இஸ்திரி போடுறீங்க, பாப்பா ராப்பகலா இருமுறா. உள்ள இவ்வளவு மூச்சு விட்டா சுவர்தான் என்ன பண்ணும்?"

"வெளிய போய் மூச்சு விட்டுட்டு வரச் சொல்றீங்களா?"

"பிடிக்கலன்னா காலி பண்ணலாம்னு சொல்றேன்."

இருமுகிற குழந்தையோடு வருகிறவருக்கு வீடு கொடுப்பார் யாருமில்லை. மூன்று தெரு அலைந்து பார்த்தாயிற்று.

மழை நிற்கவில்லை. அறையில் ஈரச் சாக்கு நாற்றமும், ஏழு வயது மார்புக்கூட்டிலிருந்து வரும் மெல்லிய விசிலும், சுவருக்குள் எங்கோ சொட்டும் சத்தமும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காமல் நாள் முழுதும் ஓடிக்கொண்டிருந்தன. சீருடை தொளதொளத்தது. பிடித்துத் தைத்தார். மறுவாரம் மறுபடி தொளதொளத்தது. மகளிடம் அரை அங்குலம் குறைந்த அன்று, சுவரில் அரை அங்குலம் கூடியிருந்தது. துணி வெட்டி மிச்சம் பார்க்கிறவருக்கு இந்தக் கணக்கு புரியாமல் போகுமா? யாரிடம் சொல்வது என்பதுதான் புரியவில்லை.

ஒரு மதியம் வீட்டுக்காரர் தாராள மனசோடு வெள்ளை பெயிண்ட் வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார். மகள் கட்டிலில் சீருடையோடு தூங்கிக்கொண்டிருந்தாள். குழாயைப் பாருங்கள் என்று சொல்லத் தையற்காரர் வாயெடுத்தார். காலி பண்ணலாம் என்ற சொல் நினைவுக்கு வந்தது. ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

கறையின் காலிலிருந்து தொடங்கினார் வீட்டுக்காரர்.

முழங்கால். இடுப்பு.

பின்னால் விசில் சத்தம் தேய்ந்தது.

மார்பு. கழுத்து.

தேய்ந்தது.

முகம்.

நின்றது.

"பாத்தீங்களா, இருமலே நின்னுடுச்சு," என்றார் வீட்டுக்காரர், தூரிகையை உதறியபடி. "இனிமே உள்ள இருக்கிறது உங்க பொறுப்பு." வாளியோடு மாடியேறிப் போனார்.

தையற்காரர் திரும்பினார். கட்டிலில் சீருடை கிடந்தது. பொத்தான் ஒன்றும் கழற்றவில்லை. தட்டையாக. இன்னும் சூடாக.

மாடியில் கைகழுவும் சத்தம். சுவருக்குள் தண்ணீர் இறங்கியது.

காயாத வெள்ளையில், கழுத்துக்குச் சற்று மேலே, காசளவு வட்டம் ஒன்று உள்ளே குழிந்தது. புடைத்தது. மறுபடி குழிந்தது.