நானும் மணியும்

"செல்வி, நேத்துச் சாயங்காலம் நடந்த கூத்தைக் கேளு" என்று குடத்தைக் குழாயடியில் இறக்கினாள் பக்கத்து வீட்டுச் சுப்பம்மாள். "எங்க வீட்டுக்காரர்ட்ட மணி என்னாச்சுன்னு கேட்டேன். அவுக வாயைத் திறக்கு முன்னே, சுவத்துக்கு அந்தப் பக்கமிருந்து உன் தம்பி 'என்னக்கா, கூப்ட்டீகளா'ன்னு கேக்குது. சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறே வலிச்சுப்போச்சு."

தங்கச்செல்வியும் சிரித்து வைத்தாள். குடம் நிரம்பி வழிந்து காலை நனைத்த பிறகுதான் குழாயை அடைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அவளுக்குத் தம்பி கிடையாது. கூடப் பிறந்தவர்கள் என்று யாருமே கிடையாது. அந்த வீட்டில் மணி என்று இருப்பது ஒரு கிழட்டுச் செவலை நாய். நேற்றுச் சாயங்காலம் அவள் ஆபீஸில் இருந்தாள். பூட்டிய வீட்டுக்குள் நாய் மட்டும்தான் இருந்தது.

எல்லாம் ஒரு தலையாட்டலில் ஆரம்பித்த வினை. தொண்ணூற்றிரண்டாம் வருசம் சித்திரையில் அவளைக் காரியாபட்டியிலிருந்து திருச்சுழிக்கு மாற்றினார்கள். அரசாங்க ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை. அம்மா போய் ஆறு மாசம் ஆகியிருந்தது. அம்மா வளர்த்த நாய் மட்டும்தான் மிச்சம். சாகும்போது அம்மா கடைசியாகக் கூப்பிட்டது கூட 'மணி' என்றுதான், மகளை அல்ல. அந்த வருத்தம் செல்விக்கு இன்னமும் உண்டு. ஆனாலும் நாயை விட்டுவிட்டு வர அவளால் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ்ஸேறி வந்து, மண்டை காயும் வெயிலில் தெருத் தெருவாக வீடு தேடினாள். ஆடு கட்டிக்கொள்ளலாம், கோழி வளர்க்கலாம், கறவை மாடு என்றால் வாங்க வாங்க என்று கூப்பிடுகிற ஊர்தான். நாய் என்றதும் முகம் சுண்டிவிடும். "சாமி கும்பிடுற வீடும்மா" என்றார் ஒருவர். "ஊளை கீளை விட்டா குடும்பத்துக்கு ஆகாது" என்றார் இன்னொருவர். மூன்றாவது வீட்டுக்காரம்மா அவளையே மேலும் கீழும் பார்த்து, "தனியாளா? கல்யாணம் ஆகலையா? இதுல நாய் வேறயா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் கதவைச் சாத்தினாள்.

கடைசியாகத்தான் பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்த வீரபத்திரன் அகப்பட்டார். "யார் யாரு இருக்கப் போறீக?" என்று கேட்டார். "நானும் மணியும் அண்ணாச்சி" என்று அவள் வாயில் வந்துவிட்டது. அடுத்து 'நாய்' என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் அவர் முகம் மலர்ந்துபோய், "மணி யாரு, தம்பியா?" என்றார். செல்வி தலையை ஆட்டினாள். "ஆம்பளைத் துணை இருக்குல்ல, அது போதும்மா. தனியாளுக்கும் நான் வீடு குடுக்க மாட்டேன், நாய் வச்சிருக்கவுகளுக்கும் குடுக்க மாட்டேன்" என்று சாவியை எடுத்துக் கொடுத்தார்.

இருட்டுகிற நேரமாகப் பார்த்துச் சாமான் வண்டியில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே சாக்கைப் போர்த்தி நாயைக் கொண்டுவந்து இறக்கினாள். சூதானமான நாய். உதட்டில் விரலை வைத்துக் காட்டினால் போதும், மூச்சுக் காட்டாது. கொல்லையைச் சுற்றி ஆள் உயரச் சுவர் இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. ஆனால் செல்வியின் வாய் சும்மா இருந்தால்தானே? "மணி, சாப்பிடுறா. மணி, தண்ணி குடிச்சியா? மணி, வீட்டைப் பாத்துக்க, நான் வாரேன்." அம்மா பேசின பேச்சு அப்படியே அவளுக்கும் வந்துவிட்டது. சுவருக்கு அப்பால் சுப்பம்மாளுக்கு அது எல்லாம் கேட்டது, கேட்டுக் கேட்டு அவள் விசாரிக்கவும் ஆரம்பித்தாள்.

விசாரித்தால் சொல்லித்தானே ஆக வேண்டும். தம்பிக்கு அருப்புக்கோட்டையில் மில் வேலை, எப்போதும் ராத்திரி ஷிப்ட், பகலெல்லாம் தூங்குவான் என்றாள். கூச்சம் ஜாஸ்தி, ஆள் பார்த்தால் ஒளிந்துகொள்வான் என்றாள். உன் சாடையா என்று கேட்டதற்கு, உரித்து வைத்த மாதிரி என் சாடைதான் என்றாள். சொல்லச் சொல்ல அவளுக்கு அது பிடித்தும் போனது. ஆபீஸ் விட்டு வருகிற வழியில், அவன் இருந்திருந்தால் இப்போது என்ன செய்துகொண்டிருப்பான் என்று தானாகவே நினைக்க ஆரம்பித்திருந்தாள்.

குழாயடியிலிருந்து வந்ததும் செல்வி வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். மூன்றே அறை. முன்கூடம், ஜன்னலில்லாத நடு அறை, அதற்குப் பின்னால் அடுப்படி. ஒளிய இடமில்லை. சுப்பம்மாளுக்குக் காது கோளாறு என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் நடு அறையில் நாய்க்கு விரித்திருந்த சாக்கைத் தற்செயலாகத் தொட்டபோது, யாரோ இப்போதுதான் எழுந்து போன சூடு அதில் இருந்தது. நாயோ காலையிலிருந்து கொல்லை வேப்பமரத்தடியில் கிடந்தது.

அதற்கப்புறம் மணி நடு அறைக்குள் கால் வைக்கவே இல்லை. கூப்பிட்டால் அடுப்படி வாசல்வரை வரும். வந்து, அவளைப் பார்க்காது. அவளுக்கு இடப்பக்கம், இடுப்பு உயரத்தில் எதையோ பார்த்துக்கொண்டு நிற்கும். முதுகு மயிர் மெல்ல எழும்பும், அவள் கற்றுக்கொடுத்த பழக்கத்துக்கு வாய் மட்டும் திறக்காது. ஓட்டுக் கூரை வெயிலில் வெந்து நொடிக்கொரு தரம் டக் டக்கென்று விடும் அந்த மத்தியான அமைதியில், சனிக்கிழமை லீவில் படுத்துக் கிடந்த செல்விக்குத் தேங்காயெண்ணெய் வாசனை வந்தது, தலையில் வழிய வழியத் தேய்த்துக்கொண்டு வெயிலில் நடந்து வந்த ஆளிடம் வருமே அந்த வாசனை, கூடவே ஈரமான நாய் வாடையும். அவள் எண்ணெய் தடவி இரண்டு நாளாகியிருந்தது. நாய் நனைய ஊரில் ஒரு சொட்டு மழை இல்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் நாயின் அலுமினியத் தட்டு காலியாக இருந்தது. நல்லது, சாப்பிட்டுவிட்டது என்று குனிந்து எடுத்தாள். நாய் நக்கின தட்டு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இதில் நாலு விரல் வழித்த தடம் இருந்தது. அந்தத் தடத்தின் மேல் நக்கின தடமும் இருந்தது. தட்டை மூன்று தடவை சாம்பல் போட்டுத் தேய்த்தாள்.

மறுநாள் ஆபீஸிலிருந்து நேரே கடைக்குப் போனாள். உண்மையைச் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனாள். வீரபத்திரன் அவளைப் பேசவே விடவில்லை.

"வாம்மா. தம்பி மத்தியானம் வந்திருந்துச்சே, சொல்லுச்சா? தங்கமான பிள்ளை. கேட்டா ஒரு வார்த்தை, அதுக்கு மேல பேசலை. உன் மூக்கு, உன் கண்ணு, அப்படியே உன் சாடை."

"எங்க... எங்க நின்னான் அண்ணாச்சி?"

"இந்தா, நீ நிக்கிற இடத்துலதான். ஒரு முறுக்குக் குடுத்தேன். கையால வாங்கலை பாத்துக்க, கூச்சத்துல. கீழ வைங்கன்னுச்சு."

செல்வி நின்ற இடத்தை விட்டு ஒரு எட்டுத் தள்ளி நின்றாள். "அண்ணாச்சி, நான் உங்கட்ட ஒண்ணு சொல்லணும். அந்த மணி..."

"தம்பி இருக்கப் போயித்தான் தாயி உனக்கு வீடு. நேத்துக்கூட ஒருத்தன் வந்தான், நாய் வச்சிருக்கானாம். வாசல்லயே திருப்பி விட்டுட்டேன். சொல்லு, மணிக்கு என்ன?"

சொல்லியிருக்கலாம். சொன்னால் இன்றைக்கே சாமான் தெருவுக்கு வரும். ஊரில் இன்னொரு கதவும் திறக்காது. காரியாபட்டி வீடும் இப்போது வேறொருவர் கையில். சொல்லாவிட்டால் அந்த வீட்டுக்குள்தான் போய்ப் படுக்க வேண்டும். "ஒண்ணுமில்லை அண்ணாச்சி" என்றாள். தன் வாய் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

வழியில் யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். சாமான் கிடந்துவிட்டுப் போகட்டும். நாயைப் பிடித்துக்கொண்டு ஏழரை பஸ்ஸில் அருப்புக்கோட்டை போய்விடுவது. பஸ்ஸில் ஏற்றாவிட்டால் நடப்பது. பஸ் ஸ்டாண்டில் படுத்தாலும் சரி. மாற்றுத் துணி, ஆபீஸ் சர்ட்டிபிகேட், அம்மா போட்டோ, இவ்வளவுதான் எடுக்க வேண்டும்.

வீட்டை நெருங்கும்போது வெளிச்சம் சாம்பலாகிவிட்டது. நாய் கொல்லையில் இல்லை, தெருவில் நின்றது. எப்படிச் சுவரைத் தாண்டியதோ, முன்னங்கால் தோல் உரிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அவளைக் கண்டதும் ஓடிவந்து சேலைத் தலைப்பைக் கவ்வி இழுத்தது, வீட்டுப் பக்கம் அல்ல, பஸ் ஸ்டாண்டுப் பக்கம். "இருடா மணி, ரெண்டே நிமிசம், வந்துருதேன்" என்று பூட்டைத் திறந்தாள். அப்போதுதான் அது வாயைத் திறந்து குரைத்தது. இந்த ஊருக்கு வந்தபின் முதல் தடவையாக, நெஞ்சு கிழிகிற மாதிரி.

நடு அறையில் பீரோவைத் திறந்தபோது கரண்ட் போனது.

தெரு முழுக்க 'ஓ'வென்று ஒரு சத்தம். பிறகு அமைதி. ஓடு டக்கென்றது. வெளியே நாய் குரைத்துக்கொண்டே இருந்தது. செல்வி தடவித் தடவி அம்மா போட்டோவை எடுத்தாள். பையில் போட்டாள். திரும்பினாள்.

வாசல் கதவு சாத்தும் சத்தம்.

மெதுவாக. யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்று சாத்துகிற மாதிரி. அப்புறம் தாழ்ப்பாள்.

காற்று என்று சொல்லிக்கொண்டாள். காற்று தாழ்ப்பாள் போடாது. அடுப்படி வழியாகப் போய்விடலாம் என்று நாலு எட்டு வைத்தாள். கொல்லைக் கதவும் தாழிட்டிருந்தது. தாழ்ப்பாளைக் கை தேடியது. வழவழவென்று எண்ணெய். விரல் வழுக்கியது. மறுபடி வழுக்கியது. இழுக்க முடியவில்லை.

பயத்தில் மனுசருக்கு வாயில் வருவது பழகின பேர்தான். யோசிக்கவே இல்லை. கூப்பிட்டுவிட்டாள்.

"மணி!"

வெளியே குரைப்பு நின்றது.

உள்ளே, முன்கூடத்திலிருந்து, ஏதோ வந்தது. வெறுங்காலின் சத்தம். இரண்டு காலா, நாலு காலா? முதலில் இரண்டு. நடு அறையில் நாலு. தரையோடு மூச்சு, மோப்பம் பிடிக்கிற மூச்சு. அவள் அடுப்படிச் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். மூச்சு பாதத்தில் பட்டது. முழங்காலில் பட்டது. தொங்கிக் கிடந்த அவள் உள்ளங்கைக்குக் கீழே ஒரு தலை தன்னை நுழைத்துக்கொண்டு முட்டியது.

மணி இப்படித்தான் முட்டும். தடவச் சொல்லி.

ஒரு நொடி, ஒரே நொடி, அவளுக்கு உயிர் வந்தது. எப்படியோ உள்ளே வந்துவிட்டது என்று நினைத்தாள். தடவினாள். விரலுக்குக் கீழே வழிய வழிய எண்ணெய். படிய வாரிய முடி. இடப்பக்கம் நேராக எடுத்த வகிடு.

கை நின்றது. மடியில் தொண்டை உறுமியது. கை மறுபடி நகர்ந்தது. உறுமல் அடங்கியது.

"அக்கா" என்றது. சந்தோசமாக.

கதறினால் யாராவது வருவார்கள். வாயைத் திறந்தாள். ஈரமான ஒரு விரல் அவள் உதட்டின் மேல் வந்து குறுக்கே நின்றது.

கரண்ட் வந்தது. செல்வி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். குனிந்து பார்க்க மாட்டேன். பார்க்க மாட்டேன். சந்தைப் பார்த்த அடுப்படி ஜன்னலில் வளையல் சத்தம் கேட்டது. சுப்பம்மாள் கம்பிக்குள் முகத்தை வைத்துப் பார்த்தாள்.

"என்ன செல்வி, இருட்டுக்குள்ள ரெண்டு பேரும்? ஐயோ, தம்பிக்கு மேலுக்குச் சொகமில்லையா, இப்படி மடியில சுருண்டு கெடக்குது?"

செல்வியின் வாய் அசைந்தது. விரல் அழுத்தியது.

"சரி சரி, தூங்கட்டும் பாவம். வேலைக்குப் போன அலுப்பு" என்று குரலைத் தணித்துக்கொண்டாள் சுப்பம்மாள். "உங்க வாசல்ல ஒரு தெருநாய் கெடந்து கதவைப் பிராண்டி எடுத்துருச்சு. வெறி பிடிச்சதோ என்னமோ. எங்க வீட்டுக்காரரு கம்பை எடுத்துட்டுப் போய் ஓட ஓட வெரட்டிட்டாரு. இனிமே இந்தப் பக்கம் தலை வைக்காது."

அவள் போய்விட்டாள். செல்வி கண்ணைத் திறக்கவில்லை. மடியில் இருந்த தலை இன்னும் கொஞ்சம் வாகாகத் திரும்பிப் படுத்து, காதுக்குப் பின்னால் தடவச் சொல்லி அவள் கையை முட்டியது.

அவள் தடவினாள்.